டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ எவ்வளவு தூரம்?

சில வருடங்களுக்கு முன் என் பெரியம்மா முதல் தடவையாகத் தனியாக அமெரிக்கா போனார். மகள் சான் பிரான்சிஸ்கோ பக்கத்து ஃப்ரீமாண்ட்டில் இருக்கிறாள். பிரசவத்துக்குக் கூடமாட இருக்க வேண்டும். சென்னையிலிருந்து டெல்லி, அங்கிருந்து ஒரே மூச்சில் சான் பிரான்சிஸ்கோ. இறங்கியதும் அவர் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய முதல் படம், முன் சீட்டின் முதுகில் பதித்திருந்த சின்னத் திரையின் படம். ஜப்பானுக்கு மேலே ஒரு குட்டி விமானம், மூக்கு கிழக்கே. கீழே மூன்று எண்கள்: உயரம் 10,668 மீட்டர், வெளியே குளிர் மைனஸ் 54 டிகிரி, வேகம் மணிக்கு 1,083 கி.மீ. கூடவே ஒரு குரல் பதிவு: "அமெரிக்கா மேற்கே இருக்குன்னுதானேடா நாமெல்லாம் படிச்சோம்? இவங்க என்ன ஜப்பான் பக்கமா கூட்டிட்டுப் போறாங்க? சுத்து வழி இல்லையா இது?"

சுற்று வழிதான். ஆனால் அந்தச் சுற்று வழியில் போனதால்தான் அவர் சீக்கிரம் போய்ச் சேர்ந்தார். இது எப்படி என்று அவருக்குச் சொல்லப்போய், எனக்கே பல விஷயங்கள் தெளிவாயின. அன்று சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் தூரம். வீட்டில் பிள்ளைகளின் குளோப் இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒரு ரப்பர் பந்தில் பேனாவால் இரண்டு புள்ளி வைத்தாலும் போதும். தையல் நூலின் ஒரு முனையை டெல்லியில் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, மறுமுனையைச் சான் பிரான்சிஸ்கோவில் பிடித்துத் தொய்வில்லாமல் இழுங்கள். நூல் நாம் வைத்த இடத்தில் நிற்காது. தானாக நழுவி வடக்கே ஏறும். டெல்லியிலிருந்து கிட்டத்தட்ட நேர் வடக்கே கிளம்பி, இமயமலை, திபெத், மேற்குச் சீனா, சைபீரியா என்று ஏறி, ஆர்க்டிக் கடலைத் தொட்டு, அலாஸ்கா வழியாகக் கீழே இறங்கி, கனடாவின் மேற்குக் கரையோரமாகச் சான் பிரான்சிஸ்கோவுக்கு வரும். மேற்கும் இல்லை, கிழக்கும் இல்லை. நூல் காட்டுவது பூமியின் நெற்றி வழியாக ஒரு பாதை.

இதைப் பெருவட்டப் பாதை என்பார்கள். ஒரு சாத்துக்குடியைச் சரிபாதியாக, நடு மையம் வழியாக வெட்டினால் தோலில் ஒரு வட்டம் கிடைக்கும் அல்லவா? அந்தப் பழத்தில் போடக்கூடிய ஆகப் பெரிய வட்டம் அதுதான். பூமத்திய ரேகை அப்படி ஒரு வட்டம். பூமியில் எந்த இரண்டு ஊரை எடுத்தாலும் அவற்றின் வழியாக இப்படி ஒரு பெருவட்டம் போட முடியும். அதில் குட்டையான பக்கம்தான் அந்த இரண்டு ஊருக்கும் இடையே மிகக் குறைந்த தூரம்.

சுவரில் மாட்டும் உலக வரைபடம் இதைக் காட்டாது. உருண்டையைத் தட்டையாக விரிக்கும்போது எங்காவது இழுத்துத்தான் ஆக வேண்டும். 1569இல் மெர்கேட்டர் என்ற வரைபடக் கலைஞர் வரைந்த முறை கப்பலோட்டிகளுக்குத் திசையைச் சரியாகக் காட்டுவதற்காக வந்தது. அதற்குப் பதிலாகத் துருவப் பக்கத்து நாடுகளைப் பெரிதாக ஊதிவிட்டது. அதில் கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் ஏறத்தாழ ஒரே அளவில் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா 14 மடங்கு பெரியது. அந்த வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்துப் பார்த்துவிட்டு, 'விமானம் ஏன் வளைந்து போகிறது' என்று கேட்கிறோம். வளைந்திருப்பது வரைபடம். விமானம் நேராகத்தான் போகிறது.

தூரத்தைக் கணக்கிடுவதும் எளிது. பூமியின் மையத்திலிருந்து இரண்டு ஊருக்கும் இரண்டு கோடு இழுத்தால் நடுவே ஒரு கோணம் வரும். ஒரு டிகிரிக்குத் தரையில் சுமார் 111 கி.மீ. டெல்லிக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே கோணமும் தற்செயலாக 111 டிகிரியை ஒட்டியே வருகிறது. இரண்டையும் பெருக்கினால் 12,300 கி.மீ.க்குச் சற்று மேல். இணையத்தில் 'வான்வழித் தூரம்' என்று எந்த இரண்டு ஊருக்குத் தேடினாலும் வரும் எண் இப்படிக் கணக்கிட்டதுதான். சென்னைக்கும் லண்டனுக்கும் இதே முறையில் சுமார் 8,230 கி.மீ. வரும்.

ஆனால் இது நூலின் தூரம். விமானத்தின் தூரம் வேறு.

நூலுக்கு மலை கிடையாது, எல்லை கிடையாது, எரிபொருள் கிடையாது. விமானத்துக்கு எல்லாம் உண்டு. திபெத்தையே எடுத்துக்கொள்வோம். அந்தப் பீடபூமியின் சராசரி உயரமே 4,500 மீட்டருக்கு மேல். விமானத்துக்குள் காற்றழுத்தம் திடீரென்று குறைந்தால் விமானி உடனே சுமார் 3,000 மீட்டர் உயரத்துக்கு இறங்கியாக வேண்டும். அங்கேதான் எல்லோரும் சாதாரணமாக மூச்சுவிட முடியும். தலைக்கு மேலிருந்து விழும் ஆக்சிஜன் முகமூடி கால் மணி நேரத்தை ஒட்டித்தான் தாங்கும். கீழே தரையே 4,500 மீட்டரில் இருந்தால் எங்கே இறங்குவது? அதனால் பெரும்பாலான விமானங்கள் திபெத்தை ஒதுக்கிவிட்டே போகின்றன.

அடுத்தது, வழியில் ஒதுங்க ஓர் ஊர் வேண்டும். இரண்டு எஞ்சின் விமானத்தில் ஒன்று நின்றுபோனால், மிச்சமுள்ள ஒன்றை வைத்துக்கொண்டு குறிப்பிட்ட நேரத்துக்குள் ஏதாவது ஒரு விமான நிலையத்தை எட்டிவிட வேண்டும் என்பது விதி. ஒரு காலத்தில் அந்த நேரம் 60 நிமிடம். எஞ்சின்களின் நம்பகத்தன்மை கூடக்கூட 1985இல் 120 நிமிடத்துக்கு அனுமதி வந்தது. இப்போது 180 நிமிடத்துக்கும் மேலே போயிருக்கிறது. இந்த விதி தளர்ந்திராவிட்டால் இன்றைய நீண்ட பயணங்களில் பலவும் இல்லை. 2023 ஜூனில் டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போன ஏர் இந்தியா விமானம், எஞ்சினில் ஏற்பட்ட கோளாறால் ரஷ்யாவின் தூரக் கிழக்கில் உள்ள மகதான் என்ற ஊரில் பத்திரமாக இறங்கியது நினைவிருக்கும். செய்தியைப் படித்தவர்களில் பலர் 'அமெரிக்கா போகிற விமானம் அங்கே எப்படிப் போனது' என்று வியந்தார்கள். குளோப்பில் நூலை இழுத்துப் பார்த்தவருக்கு அந்த வியப்பு வராது.

இப்போது பெரியம்மாவின் கேள்விக்கு வருகிறேன். டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானம் முதலில் அட்லாண்டிக் பக்கமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அந்த வழி சுமார் 13,900 கி.மீ. 2016 அக்டோபரில் ஏர் இந்தியா திசையை மாற்றியது. போயிங் 777-200எல்ஆர் ரக விமானம் வங்கதேசம், மியான்மர், சீனா, ஜப்பான் என்று கிழக்கே போய், பசிபிக்கைக் கடந்து சான் பிரான்சிஸ்கோவில் இறங்கியது. பறந்த தூரம் சுமார் 15,300 கி.மீ. அதாவது பழைய வழியைவிட 1,400 கி.மீ. அதிகம். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குச் சாலையில் போய்த் திரும்புவதற்குச் சமமான தூரத்தைக் கூடுதலாகப் பறந்திருக்கிறது. ஆனால் எடுத்துக்கொண்ட நேரம் பதினான்கரை மணி. பழைய வழியில் ஆகும் நேரம் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் அதிகம்.

தூரத்தை நேரத்தால் வகுத்துப் பாருங்கள். பசிபிக் வழியில் சராசரி வேகம் மணிக்கு 1,055 கி.மீ. அட்லாண்டிக் வழியில் பதினாறரை மணி என்று வைத்துக்கொண்டால் 842 கி.மீ. இரண்டும் ஒரே ரக விமானம், ஒரே எஞ்சின். இரண்டிலும் காற்றுக்குள் விமானத்தின் வேகம் 900ஐ ஒட்டித்தான். மிச்சத்தைக் கூட்டியதும் குறைத்ததும் காற்று.

தரையிலிருந்து 9 முதல் 12 கி.மீ. உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காகப் பூமியைச் சுற்றி ஆறு மாதிரி ஓடும் காற்று ஒன்று இருக்கிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள், தமிழில் தாரைக்காற்று. சாதாரண நாளிலேயே மணிக்கு 150, 200 கி.மீ. வேகம் இருக்கும். குளிர்காலத்தில் இன்னும் உக்கிரம். வெப்ப மண்டலத்துக்கும் துருவத்துக்கும் இடையே உள்ள வெப்பநிலை வித்தியாசம் இதைக் கிளப்பிவிடுகிறது. பூமியின் சுழற்சி அதைக் கிழக்கே வளைத்துவிடுகிறது. ஜப்பானுக்கு மேலே இது மிக வலுவாக வீசும் இடங்களில் ஒன்று. பெரியம்மாவின் திரையில் 1,083 என்று காட்டியது அங்கேதான்.

இந்தக் காற்றைக் கண்டுபிடித்தவரின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. வசாபுரோ ஓயிஷி என்ற ஜப்பானிய வானிலை ஆய்வாளர் 1920களில் பலூன்களை மேலே அனுப்பி, அவை போகும் போக்கைத் தொலைநோக்கியில் பார்த்துக் காற்றை அளந்தார். உயரத்தில் அசுர வேகத்தில் மேற்குக் காற்று வீசுவதைக் கண்டார். உலகம் முழுக்கப் படிக்க வேண்டும் என்று நினைத்து, உலகப் பொதுமொழி என்று அப்போது சிலர் வளர்த்துக்கொண்டிருந்த எஸ்பெராண்டோவில் தன் அறிக்கையை எழுதினார். அதனாலேயே வெளியுலகில் பெரும்பாலானோர் அதைப் படிக்கவில்லை. 1944இல் ஜப்பான் மீது குண்டு வீசப் போன அமெரிக்க பி-29 விமானங்கள் அந்தக் காற்றில் சிக்கித் தடுமாறிய பிறகுதான் அமெரிக்கர்களுக்கு அதன் முழு வலிமை புரிந்தது. இருபது வருடங்களுக்கு முன்பே ஒருவர் அளந்து எழுதி வைத்திருந்த விஷயம்!

இங்கே ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிட வேண்டும், ஏனென்றால் எல்லோரும் கேட்கிறார்கள். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறதே, அப்படியானால் விமானம் மேலே சும்மா நின்றால் ஊர் தானாகக் கீழே வந்துவிடாதா? வராது. ஓடும் ரயிலில் பெட்டிக்குள் எம்பிக் குதித்துப் பாருங்கள். குதித்த இடத்திலேயே விழுவீர்கள். பெட்டிக்குள் இருக்கும் காற்றும் நாமும் ரயிலோடுதான் ஓடுகிறோம். அதேபோல் வளிமண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது. விமானத்துக்கு உதவுவதும் தொல்லை கொடுப்பதும் அந்தச் சுழற்சி இல்லை. அதற்கு மேலே தனியாக வீசும் காற்று.

இன்னொன்று. போகும்போது காற்று கெடுத்தாலும் வரும்போது உதவும், கணக்கு சரியாகிவிடும் என்று தோன்றும். ஆகாது. 9,000 கி.மீ. தூரம், விமானத்தின் வேகம் 900, காற்று 100 என்று வைத்துக்கொள்வோம். காற்றே இல்லாவிட்டால் போக 10 மணி, வர 10 மணி, ஆக 20. காற்றோடு போனால் வேகம் 1,000. 9 மணி நேரம். எதிர்த்து வந்தால் வேகம் 800. 11 மணி 15 நிமிடம். மொத்தம் 20 மணி 15 நிமிடம். உதவுகிற காற்றில் குறைந்த நேரமும், தடுக்கிற காற்றில் அதிக நேரமும் இருப்பதால் வந்த நஷ்டம் அது. ஆகவே விமான நிறுவனங்களில் பாதை போடுகிறவர்கள் ஒவ்வொரு நாளும் அன்றைய காற்று முன்னறிவிப்பை எடுத்து வைத்துக்கொண்டுதான் வழியைத் தீர்மானிக்கிறார்கள். நேற்றுப் போன அதே எண்ணுள்ள விமானம் இன்று நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிப் போகலாம்.

காற்றின் உதவி எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு 2020 பிப்ரவரியில் நியூயார்க்கிலிருந்து லண்டன் போன பிரிட்டிஷ் ஏர்வேஸ் போயிங் 747 சாட்சி. சியாரா புயலோடு வந்த பலத்த காற்று பின்னாலிருந்து தள்ள, 4 மணி 56 நிமிடத்தில் போய்விட்டது. வழக்கமாக ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தரையை வைத்துப் பார்த்தால் ஒரு கட்டத்தில் அதன் வேகம் மணிக்கு 1,300 கி.மீ.யைத் தாண்டியது, அந்த உயரத்தில் ஒலியின் வேகத்தைவிட அதிகம். ஆனால் விமானம் ஒலியை முந்தவில்லை. தன்னைச் சுற்றியிருந்த காற்றுக்குள் அது வழக்கமான வேகத்தில்தான் பறந்தது. அந்தக் காற்றே ஓடிக்கொண்டிருந்தது.

டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் பறக்கும் நேரம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். புறப்பாடு என்று அச்சிட்டிருப்பது விமானம் கேட்டை விட்டு நகரும் நேரம். வருகை என்பது அங்கே கேட்டில் போய் நிற்கும் நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, மேலே ஏறுவது, இறங்கும் முன் வட்டமடிப்பது எல்லாம் இதற்குள் அடக்கம். சென்னை–மதுரை வான்வழித் தூரம் 420 கி.மீ.தான். 850 கி.மீ. வேகத்தில் அரை மணி நேரத்தில் போய்விட வேண்டும். ஆனால் டிக்கெட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போட்டிருக்கும். ஏறி முடிப்பதற்குள் இறங்க ஆரம்பித்துவிடுவதால், முழு வேகத்தில் பறக்க அதற்கு அவகாசமே இல்லை.

நீண்ட பயணத்துக்கு நீங்களே உத்தேசமாகக் கணக்குப் போட ஒரு வழி உண்டு. வான்வழித் தூரத்தை 850ஆல் வகுத்து, அரை மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். சென்னை–லண்டனுக்கு 10 மணியைச் சற்றே தாண்டி வரும். மேற்கே போகிற பயணமானால் இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும். கிழக்கே வருவதானால் அதை ஒட்டியோ குறைவாகவோ இருக்கும்.

கடிகாரக் கணக்குதான் பலரையும் குழப்புகிறது. டிக்கெட்டில் ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊர்க் கணக்கில் இருக்கும். டெல்லியில் ஞாயிறு விடியற்காலை 4 மணிக்குக் கிளம்பி, பதினான்கரை மணி நேரம் பறந்தால், நம் கைக்கடிகாரத்தில் ஞாயிறு மாலை 6:30. சான் பிரான்சிஸ்கோ கோடைக் கணக்கில் நமக்குப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால். ஆக அங்கே ஞாயிறு காலை 6 மணி. நாள் முழுக்கப் பறந்தும் அதே ஞாயிற்றுக்கிழமைக் காலையில் போய் இறங்கலாம். பசிபிக்கின் நடுவே தேதிக் கோட்டைக் கடந்ததில் ஒரு நாள் திரும்பக் கிடைத்துவிடுகிறது. நவம்பரிலிருந்து மார்ச் வரை அமெரிக்கர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்துவிடுவதால் வித்தியாசம் பதின்மூன்றரை. ஃபோன் செய்ய நேரம் பார்க்கிறவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

தூரத்தையும் நேரத்தையும் மாற்றும் இன்னொரு சக்தி அரசியல். 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் ஐரோப்பிய விமானங்களுக்கு ரஷ்யா தன் வானத்தை மூடியது. பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ போக அந்த நாட்டு விமான நிறுவனமான ஃபின்ஏருக்கு அதுவரை ஒன்பதரை மணி நேரம்தான். மூடிய பிறகு வட துருவத்துக்கு மேலே சுற்றிப்போக வேண்டியிருந்ததால் 13 மணி நேரம் ஆனது. ஊர்கள் அங்கேயேதான் இருக்கின்றன. நூல் காட்டும் தூரமும் மாறவில்லை. நம் பக்கத்தில், 2025 ஏப்ரலில் இந்திய விமானங்களுக்குப் பாகிஸ்தான் வான்வழியை மூடியபோது டெல்லியிலிருந்து மேற்கே போகிற விமானங்கள் எல்லாம் தெற்கே அரபிக் கடல் பக்கமாக இறங்கிச் சுற்ற வேண்டி வந்தது. வட அமெரிக்காவிலிருந்து நேராக வந்துகொண்டிருந்த சில விமானங்கள் வழியில் ஐரோப்பாவில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு வந்தன. தூங்கிக்கொண்டே டெல்லிக்கு வர நினைத்த பயணிக்கு, நடுவே ஒரு மணி நேரம் விளக்கைப் போட்டுவிட்டுக் காத்திருக்கும் பாடு.

பெரியம்மா ஆறு மாதம் இருந்துவிட்டுத் திரும்பினார். இந்த முறை கிளம்புவதற்கு முன்பே என்னிடம் கேட்டுவிட்டார், "வந்த வழியிலேயேதானே வருவாங்க?" இல்லை என்றேன். பசிபிக் வழியாக வந்தால் போகும்போது பின்னாலிருந்து தள்ளிய அதே காற்று இப்போது முகத்தில் அறையும். ஆகவே மறுபடியும் கிழக்கே போவதுதான் லாபம்: கனடா, கிரீன்லாந்து, ஐரோப்பா, அப்புறம் டெல்லி. டெல்லியில் இறங்கி, சென்னை விமானத்துக்குக் காத்திருக்கும்போது மறுபடியும் ஒரு படம் வந்தது. அதே மாதிரித் திரை. குட்டி விமானம் இப்போது வெள்ளையாக ஒரு பெரிய நிலத்துக்கு மேலே. "கிரீன்லாந்துன்னு போட்டிருக்கு, பச்சையா ஒண்ணையுமே காணோமே" என்று கீழே எழுதியிருந்தார். போனதும் கிழக்கே, வந்ததும் கிழக்கே. ஆக உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்திருக்கிறீர்கள் என்று பதில் போட்டேன். அதை அவர் இன்னமும் ஊரில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். யாராவது நம்பாவிட்டால், பேரனுக்கு வாங்கி வைத்திருக்கும் குளோப்பையும் தையல் நூலையும் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுகிறார்.